ஐந்நூறில் ஒரு கார்

கொள்ளு அடிப்பதற்குத் தார் ரோட்டை மிஞ்சிய களம் கிடையாது சார். நீங்கள் திருநெல்வேலிப் பக்கம் என்று ஏட்டு சொன்னார். அங்கேயும் போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். பிடுங்கிய செடியைக் கொடியோடு ரோட்டில் பரப்பிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். டவுன் பஸ், டிராக்டர், பால் வண்டி என்று போகிற வண்டியெல்லாம் அதன் மேல் ஏறிப் போனால் மத்தியானத்துக்குள் காய் வெடித்து மணி தனியாக வந்துவிடும். மாடு கட்டிச் சுற்ற வேண்டாம், கம்பால் அடித்துத் தோள்பட்டை இறங்க வேண்டாம். போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று உங்கள் ஆட்கள் எப்போதாவது வந்து சத்தம் போடுவார்கள். நாங்களும் அள்ளுவதுபோல அள்ளுவோம். ஜீப் திரும்பியதும் மறுபடி பரப்பிவிடுவோம்.

இதை எதற்கு முதலில் சொல்கிறேன் என்றால், என் தம்பி மருதுபாண்டி செத்ததற்கு ரோட்டில் கிடந்த கொள்ளுக்கொடிதான் காரணம் என்று உங்களுக்கு முன்னால் இருந்த இன்ஸ்பெக்டர் எழுதி முடித்துவிட்டுப் போயிருக்கிறார். அது கொள்ளின் மேல் போடுகிற அநியாயப் பழி. நான் ஏற்கெனவே இதே ஸ்டேஷனுக்கு வந்து, நான்தான் செய்தேன் என்று சொன்னேன். முதலில் டீ வாங்கிக் கொடுத்தார்கள். அடுத்த தடவை வந்தபோது, "துக்கத்துல என்னமோ பேசுறீக பெரியவரே, வீட்டுக்குப் போங்க" என்று ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டார்கள். என் பேச்சு எங்கேயும் எடுபடுவதில்லை. நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள், கதவைச் சாத்திவிட்டு என்னை உட்காரச் சொன்னீர்கள். அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் இருளாண்டி. ஊர் ஆவரேந்தல். ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய்ப் பாசனத்தில் எங்களுக்கு வயல், கரைக்கு மேலே கொள்ளும் எள்ளும் போடுகிற கொல்லை. எழுபத்தி நாலில் எங்கள் அய்யா பாம்பு கடித்து இறந்தபோது எனக்கு மீசை அரும்பியிருந்தது, மருது மூன்றாம் வகுப்பில் இருந்தான். அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஏர் பிடித்தேன். அவனுக்குக் கஞ்சி காய்ச்சினேன், தலை வாரினேன், காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு மங்கலம் ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். இதையெல்லாம் சொல்லிக்காட்டுவதாக நினைக்காதீர்கள். அண்ணன் என்றால் செய்யத்தான் வேண்டும். தம்பி என்றால் அண்ணன் சொல்வதைக் கேட்கத்தான் வேண்டும். நான் எதிர்பார்த்தது அது ஒன்றைத்தான்.

அவன் கேட்டதே இல்லை. விவசாயப் படிப்புக்குப் போடா என்றேன், இராமநாதபுரத்தில் மோட்டார் மெக்கானிக் படிப்பில் போய்ச் சேர்ந்தான். ஊரோடு இரு என்றேன், சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்குப் போனான். அங்கே சேர்த்ததை வைத்து இங்கே நிலம் வாங்கு என்றேன், சென்னையில் மோட்டார் உதிரிபாகக் கடை திறந்தான். பால்சாமி மகள் நாகலெட்சுமி நம் குடும்பத்துக்கு ஆக மாட்டாள் என்றேன், அவளையே கட்டிக்கொண்டான். சண்டை போட மாட்டான் சார். நான் சொல்வதைத் தலையாட்டிக் கேட்டுக்கொள்வான். பிறகு தனக்குத் தோன்றியதைச் செய்வான். அவன் கேட்காமல் போனது எல்லாம் நல்லதாகவே முடிந்தது. நாகலெட்சுமிகூட நல்ல பெண்தான். ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு காரியத்திலாவது அவன் தடுமாறி வந்து, "அண்ணே, நீங்க அன்னைக்கே சொன்னீக" என்று நின்றிருந்தால் எனக்குப் போதும். அவன் வந்து நின்றபோதெல்லாம் கையில் எதையாவது கொண்டுவந்தான். எனக்கு மோட்டார் பம்பு வாங்கி மாட்டினான், கண்ணுக்கு ஆபரேஷன் செய்துவைத்தான். எல்லாம் என்னைக் கேட்காமல் செய்தது.

இப்போது காருக்கு வருகிறேன்.

போன தை மாதம் போன் செய்தான். "அண்ணே, ஒரு காரு வாங்கிருக்கேன். மாசிக் களரித் திருவிழாவுக்கு நம்ம கோயிலுக்குக் கொண்டுவாரேன்" என்றான். சின்னப் பையனாக இருக்கும்போது எங்கிருந்தோ ஒரு பழைய பத்திரிகைப் படத்தைக் கொண்டுவந்து நெல்லுக் குதிரில் ஒட்டி வைத்திருந்தான். அந்தக் காலத்து ஓட்டப்பந்தயக் கார்கள், மேலே கூரைகூட இல்லாமல், கண்ணாடி மாட்டிய வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அரைப் பரீட்சைக்குப் படிக்கவில்லை என்று நான் அதைக் கிழித்துப்போட்டேன். அதை ஞாபகம் வைத்திருந்தான். "அந்த ஓட்டத்துக் கார்களப் பாத்துத்தாண்ணே இத வரஞ்சிருக்கான். இத்தாலிக்காரன் ஒலகத்துக்கே ஐந்நூறுதான் செஞ்சான். அதுக்கு மேல செய்ய மாட்டானாம்" என்றான். எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஐந்நூறு என்பது அபூர்வமா? எங்கள் அய்யாவுக்குப் பிறந்தது இரண்டு பேர். அந்தக் கணக்கில் பார்த்தால் நான்தான் அபூர்வம். இதை அவனிடம் சொல்லவில்லை. "எதுக்குலே இந்த ரோட்டுக்கு அந்தக் காரு, வேணாம்" என்று மட்டும் சொன்னேன். சரிண்ணே என்றான். கார் வந்து சேர்ந்தது.

மூடிய லாரியில் வந்தது. ஒரு காரைத் தூக்கிக்கொண்டு இன்னொரு வண்டி வருவதை எங்கள் ஊர் அப்போதுதான் பார்த்தது. இறக்கியபோது நானும் நின்றேன். பொய் சொல்ல மாட்டேன், அழகாகத்தான் இருந்தது. மாதுளம் பழத்தின் உள்பக்க நிறம். முன்பக்கம் நீளமாக, ஒரு கோணமும் இல்லாமல் வழவழவென்று இறங்கியது, உருண்டையாக இரண்டு விளக்கு, பின்பக்கம் குட்டையாக உருண்டு முடிந்தது. பழைய காலத்துச் சாமான்போலவும் இருந்தது, நாளைக்கு வரப்போகிற சாமான்போலவும் இருந்தது. ஸ்டார்ட் செய்தபோது ஆலமரத்துக் கொக்கெல்லாம் எழுந்து கண்மாய்ப் பக்கம் போய்விட்டன. அவ்வளவு நீளமான காருக்குள் சீட்டு இரண்டுதான். தரைக்கும் அதன் வயிற்றுக்கும் நடுவில் ஒரு கோழிக்குஞ்சு நுழையலாம், கோழி நுழைய முடியாது.

அந்த வயிறுதான் முதல் பிரச்சினை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை இருந்தது. அது நான் வாங்கிக்கொடுத்த வேகத்தடை. மணல் லாரிகள் கண்மண் தெரியாமல் போகின்றன, பிள்ளைகள் அடிபடுகின்றன என்று திங்கட்கிழமை திங்கட்கிழமை இராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறி, கலெக்டர் ஆபீசில் மனுவோடு நின்று, போ போ என்றவர்கள் முன்னால் மறுபடி போய் நின்று, வருஷக்கணக்கில் அலைந்து வாங்கியது. நான் சொல்லி இந்த உலகத்தில் நடந்த ஒரே காரியம் அந்தத் தார் மேடுதான். அதன் மேல் கார் ஏறாது, வயிறு இடிக்கும் என்றார்கள். மருது யாருக்கோ ஒரு போன் போட்டான். கொஞ்ச நேரத்தில் கடப்பாரை வந்தது. என் பக்கத்துக் கொல்லைக்காரன் கூத்தையா, மனுவில் எனக்கு அடுத்து கையெழுத்துப் போட்டவன், அவனே முதல் ஆளாக இடித்தான்.

"ஏலே கூத்தையா, இது யாரு கொண்டுவந்ததுன்னு தெரியும்லே" என்றேன்.

"தெரியும்ணே. ஒங்க தம்பி காருக்குத்தானே இடிக்கோம்" என்றான் சிரித்துக்கொண்டே.

மருது என்னிடம் வந்து, "களரி முடிஞ்சதும் புதுசாப் போட்டுருவோம்ணே, இதவிட நல்லா" என்றான். இதைவிட நன்றாக என்றான் சார். என் பல வருஷத்து அலைச்சலைவிட நன்றாக, ஒரே நாளில். வீட்டுக்கு வந்து சாப்பிட முடியாமல் சோற்றில் தண்ணீரை ஊற்றி வைத்தேன். என் மனைவி சேதுலட்சுமி என்னவென்று கேட்டாள், பல் வலி என்றேன்.

அடுத்தது கோயில். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வண்டி வாங்கினாலும் முதலில் முனியய்யா கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, வீட்டுக்கு மூத்தவர் ஏறி உட்கார்ந்து கோயிலை ஒரு சுற்று வர வேண்டும். அய்யா பாரவண்டி வாங்கியபோது பெரியப்பா உட்கார்ந்தார். நான் பழைய டிராக்டர் வாங்கியபோது எனக்கு மூத்தவர் யாரும் மிச்சமில்லை, நானே உட்கார்ந்தேன். ஆகவே களரி அன்று காலையில் புது வேட்டி கட்டிக்கொண்டு, சவரம் செய்துகொண்டு, கோயில் வாசலில் போய் நின்றேன். கூட்டம் திருவிழாக் கூட்டம். கார் வந்து நின்றது. எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூசாரி விபூதி போட்டார். மருது இந்தப் பக்கம் உட்கார்ந்தான். அந்தப் பக்கக் கதவை நாகலெட்சுமி திறந்து, தன் அப்பா பால்சாமியைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து உட்காரவைத்தாள்.

அவருக்கு முழங்கால் வீக்கம். வெயிலில் நிற்க முடியவில்லையாம். எனக்கும் தெரியும், கால் பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. அவர் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்து, "மாப்ளே, ஒங்க எடத்துல நான் ஒக்காந்துட்டேன்" என்று சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. மருது ஜன்னல் வழியாக, "அண்ணே, அடுத்த சுத்து நீங்க" என்றான். சுற்றி வந்தான். வந்து நின்றதும் இஞ்சின் சூடு ஏறிவிட்டது, ஆற வேண்டும் என்று ஹமீது சுல்தான் மூடியைத் திறந்து வைத்தான். பிறகு கிடாய் வெட்டு, சாப்பாடு, சாமியாட்டம். அடுத்த சுற்று வரவில்லை. ஊரில் பாதிப் பேர் என் வேட்டியைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். அந்தக் காரில் ஏற நான் தவித்தேன் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. எனக்குக் கார் பொருட்டில்லை. மூத்தவன் இருக்கும்போது மூத்தவனைக் கேட்காமல் ஒரு காரியம் நடந்ததுதான் பொருட்டு.

இந்த ஹமீது சுல்தான் யார் என்று சொல்லவில்லையே. தேவிபட்டினத்துக்காரன். துபாயில் இந்தமாதிரிக் கார்களைப் பழுதுபார்க்கிற பட்டறையில் இருந்துவிட்டு வந்தவன். மருது அவனைக் காருக்கென்றே வைத்திருந்தான். நல்ல பையன். களரிக்கு மறுநாள் நான் கொள்ளைப் பிடுங்கிக் கொண்டுவந்து கண்மாய்க் கரை ரோட்டில் பரப்பியபோது ஓடிவந்தான். சத்தம் போடவில்லை. என்னைக் காருக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய், தானும் தரையில் படுத்து என்னையும் குனியவைத்து, டார்ச் அடித்துக் காட்டினான்.

"இங்கன பாருங்கண்ணே. இது பொகைக் குழாய், ஓடுறப்ப கொதிக்கும். இந்தா, பக்கத்துலயே போகுது பாத்தீகளா, இது பெட்ரோல் குழாய். ஒங்க கொடி மேல வண்டி ஏறுச்சுன்னா அச்சுல சுத்தி, சூட்டுல ஒட்டி, அல்லா காப்பாத்தணும், பத்திக்கிரும். லாரியெல்லாம் ஒசரம், ஒண்ணும் செய்யாது. இது தரையோட கெடக்குற வண்டி. இது போற வரைக்கும் மட்டும் ரோட்டுல போடாதீகண்ணே."

மருதுவும் வந்தான். "ரெண்டு நாளைக்கு மட்டும்ணே" என்றான். நான் பாடுபட்டு விளைவித்த கொள்ளு, எங்கள் ஊர் ரோடு, நான் பிறந்ததிலிருந்து நடந்துவரும் வேலை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, கவைக்கம்பால் எல்லாவற்றையும் வாரி ஓரத்தில் போராகப் போட்டேன். ஹமீதும் கூட நின்று வாரினான். நான் இதுவரை சொன்னதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான் சார். எனக்குத் தெரியாமல் நடந்தது இல்லை. எந்தக் குழாய் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். படுத்துப் பார்த்தவன் நான்.

மறுநாள் காலையில், இன்றைக்குக் கார் கிளம்புகிறது என்று சேதுலட்சுமிதான் சொன்னாள். ஹமீது லாரியோடு விடியற்காலமே பாம்பனுக்குப் போய்விட்டான். மருது மட்டும் காரைத் தனியாக ஓட்டிக்கொண்டு போய்ப் பாம்பன் பாலத்தில் ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு, அங்கேயே லாரியில் ஏற்றுவதாக ஏற்பாடு. நான் கவைக்கம்பை எடுத்தேன்.

"காருதான் போகப் போகுதுல்ல. அதுக்குள்ள எதுக்கு அள்ளிக்கிட்டுப் போறீக?" என்று கேட்டாள் சேதுலட்சுமி.

"வெயில் நல்லா இருக்கு" என்றேன்.

வெயில் நல்லாத்தான் இருந்தது. கண்மாய்க் கரையில் ஒரு பாலம் வருகிறது, கவனித்திருப்பீர்கள். அங்கே ஒதுங்க இடம் கிடையாது, இரண்டு பக்கமும் கட்டைச் சுவர். வழக்கமாக ரோட்டில் பாதியில் பரப்பி, பாதியை விட்டுவைப்போம். அன்று சுவருக்குச் சுவர் பரப்பினேன். போரில் மேலாக இருந்த குட்டைச் செடிகளைத் தள்ளிவிட்டு, அடியிலிருந்து நீளக் கொடியாகப் பார்த்து எடுத்தேன். நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து எடுத்தேன். பனி ஈரம் பட்டதை ஒதுக்கினேன். இதை நான் அந்த ஏட்டிடமும் சொன்னேன். விவசாயி என்றால் காய்ந்ததைத்தானே பெரியவரே போடுவான் என்றார். அவரிடம் என்ன பேச முடியும்?

கார் வருகிற சத்தம் ஊரிலேயே கேட்டது. வந்து கொடிக்கு முன்னால் நின்றது. மருது கண்ணாடியை இறக்கினான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். பக்கத்துச் சீட்டு காலியாக இருந்தது.

"அண்ணே, ஒங்களத்தான் தேடி வாரேன். வீட்டுல இல்லைன்னாக. ஏறுங்க" என்றான்.

"எங்கிட்டு?"

"பாம்பன் பாலத்துல ஒரு ஓட்டம் ஓட்டிட்டு, ராமேசுவரத்துல அய்யாவுக்குத் திதி குடுத்துட்டு வருவோம். நீங்கதான் குடுக்கணும், மூத்தவுக. அன்னைக்குக் கோயில்ல மாமா ஒக்காந்தது ஒங்களுக்குச் சங்கடமாப் போச்சுன்னு மதினி சொன்னாக. எனக்குத் தோணலண்ணே. மன்னிச்சுக்கங்க."

மதினி என்றால் சேதுலட்சுமி. அவள் கேட்டபோதெல்லாம் நான் பல் வலி என்றுதான் சொல்லியிருந்தேன். அவள் கண்டுபிடித்து அவனிடம் சொல்லி, அவன் அதற்கு ஒரு பரிகாரமும் யோசித்து வந்திருக்கிறான். கவைக்கம்பைச் சுவரில் சாத்தினேன், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அதுவும் என்னைக் கேட்காமல் முடிவுசெய்த காரியம்தானே சார். திதி கொடுக்கலாமா, என்றைக்குக் கொடுக்கலாம் என்று மூத்தவனைக் கேட்க வேண்டாமா? அவன் முடிவுசெய்துவிட்டு வந்து கதவைத் திறந்து ஏறு என்கிறான். வேகத்தடை மாதிரி. பம்பு மாதிரி. கண் ஆபரேஷன் மாதிரி.

"எனக்கு வேலை கெடக்கு. நீ போயிட்டு வா" என்றேன்.

அவன் உடனே கிளம்பவில்லை. கொடியைப் பார்த்தான். "அண்ணே, ஹமீது இதுல ஏத்தக் கூடாதுன்னு சொல்லிருக்கானே" என்றான். இறங்கப் பார்த்தான். நானும் அவனும் சேர்ந்து வாரியிருந்தால் ஒரு பீடி பிடிக்கிற நேரத்தில் பாலம் சுத்தமாகியிருக்கும்.

"ஏலே, ஹமீதுக்கு என்ன தெரியும் கொள்ளப் பத்தி? பனி ஈரத்துல இருக்கு, தீப் பத்தாது. மெதுவா ஏத்திப் போ" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தான். பிறகு சரிண்ணே என்றான். அவன் வாழ்நாளெல்லாம் சொன்ன அதே சரிண்ணே. இந்தத் தடவை மட்டும் சொன்னபடி செய்தான். கார் மெதுவாக, மிக மெதுவாக, கொடியின் மேல் ஏறிப் போனது. அடியில் கொடி இழுபடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பாலம் தாண்டியதும் கண்ணாடியில் கையைக் காட்டிவிட்டு வேகம் எடுத்தான்.

கரை வளைகிற இடத்தில் புகை வந்தது. முதலில் வெள்ளையாக, பிறகு கருப்பாக. கார் நின்றது, இறங்கிவிட்டான். நான் ஓடினேன். கூத்தையா தூரத்துக் கொல்லையிலிருந்து பார்த்துவிட்டு, அண்ணன் எப்படி ஓடினார் தெரியுமா என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறான். ஓடியது நிஜம். கையில் குடிதண்ணீர்க் கேன் இருந்ததும் நிஜம். மருது காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். "அண்ணே, தண்ணி, தண்ணி ஊத்துங்க" என்றான். கரைக்குக் கீழே கண்மாய் நிறையத் தண்ணீர் கிடந்தது.

"தண்ணி ஊத்துனா இஞ்சினு போயிரும்லே. அடியில கைய விட்டுக் கொடிய இழுத்து வெளிய போடு, அணைஞ்சிரும்" என்றேன்.

ஊரில் வைக்கோல் வண்டி பற்றினால் அப்படித்தான் செய்வோம். கட்டைப் பிரித்து இழுத்துப்போட்டால் அடங்கிவிடும். எல்லாரும் அதையேதான் சொல்லியிருப்பார்கள் என்று போன இன்ஸ்பெக்டர் எனக்கு ஆறுதல் சொன்னார். எல்லாரும் அந்தக் காருக்கு அடியில் படுத்து டார்ச் வெளிச்சத்தில் குழாயைப் பார்க்கவில்லையே. மருது அந்த வெள்ளைச் சட்டையோடு ரோட்டில் படுத்தான். தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டு இழுத்தான். கொஞ்சம் கொடி வந்தது. இன்னும் இழு என்றேன். இன்னும் இழுத்தான். பெட்ரோல் குழாய் எப்போது பிய்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

கேனை அதற்குப் பிறகுதான் திறந்தேன்.

ஹமீது பாம்பனிலிருந்து திரும்பி வந்து, எரிந்து கிடந்ததைக் குனிந்து பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "நான் காட்டுனேன்லண்ணே" என்றான், அவ்வளவுதான். அவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள். சேதுலட்சுமியையும் கேட்கலாம், அவள் இப்போது நாகலெட்சுமியோடு சென்னையில் இருக்கிறாள். என்னோடு பேசுவதில்லை. கார் கம்பெனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரன் வந்து மிச்சத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனான். இனி அது உலகத்தில் நானூற்றுச் சொச்சம்தான் என்று கூத்தையா ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மருது உடனே சாகவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் உயிரோடு கிடந்தான், நினைவோடும் இருந்தான். மாஜிஸ்திரேட் வந்து வாக்குமூலம் கேட்டபோது, "அண்ணன் மேல தப்பில்ல. காப்பாத்தத்தான் ஓடியாந்தாரு" என்று சொல்லியிருக்கிறான். அந்த ஒரு வார்த்தையால்தான் நான் சொல்வதை யாரும் நம்ப மாட்டேன் என்கிறீர்கள். கடைசியிலும் அவன் பேச்சுத்தான் எடுபடுகிறது பாருங்கள்.

கோபத்தில் செய்தாயா என்று கேட்கிறீர்கள். இல்லை சார். கோபக்காரன் இவ்வளவு பொறுமையாகக் காய்ந்த கொடி பொறுக்க மாட்டான். தெரிந்து செய்தேன், அவன் சாவான் என்று தெரிந்தே கையை விடச் சொன்னேன். ஆனால் அவன் மேல் எனக்கு இருந்த வருத்தமெல்லாம் அந்த ரோட்டிலேயே தீர்ந்துவிட்டது. ஏறிப் போ என்றேன், போனான். கையை விடு என்றேன், விட்டான். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. தம்பி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். அவனை நான் முழுமனதோடு மன்னித்துவிட்டேன், அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.